பெஞ்ச் பிரஸுக்குப் பாதுகாப்புக் கம்பியுள்ள ரேக் எங்கே செய்யலாம்?

வணக்கங்க. சோமனூர் பக்கம் வீடு. தறிகளை விற்ற பிறகு சும்மா கிடந்த செட்டில் மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் பாய் விரித்து, இரண்டு மாதமாகத் தனியாக எடை தூக்குகிறேன்.

போன வாரம் பெஞ்ச் பிரஸில், அதாவது பெஞ்சில் படுத்து எடைக் கம்பியை மேலே தள்ளும் பயிற்சியில், 60 கிலோ. ஐந்தாவது முறை பாதியில் நின்று, கம்பி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளை, வட்டுகள் கழலாமல் பிடிக்கும் கிளிப் மாட்டவில்லை. ஒரு பக்கம் சாய்த்து வட்டுகளைச் சரியவிட்டு எழுந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்த அம்மாவின் கை நடுங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எடை நெஞ்சில் விழாமல் தாங்கும் பாதுகாப்புக் கம்பியுள்ள ரேக் (தூண் சட்டம்) இல்லாமல் இனி பெஞ்சில் படுக்க மாட்டேன்.

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் வெல்டிங் பட்டறையில் ரேக் செய்து வாங்கியவர்கள் சொல்லுங்கள். சதுரக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் போட்டீர்கள்? என்னுடையது 20 கிலோ ஒலிம்பிக் கம்பி. வட்டு மாட்டும் முனைகளுக்கு நடுவே 131 சென்டிமீட்டர்தான். தூண்கள் அதற்குள் அடங்க வேண்டும். தறி நின்ற இடத்தில் பழைய போல்ட் குழிகள் இருக்கின்றன, அதிலேயே இறுக்கினால் தாங்குமா?

அப்புறம், டெட்லிஃப்டில் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது) என் முதுகு வளைகிறதா என்று பார்க்க இங்கே ஆள் இல்லை. பக்கவாட்டில் வீடியோ எடுத்து அனுப்பினால் அனுபவமுள்ளவர்கள் பார்த்துச் சொல்வீர்களாங்க?