கலைச்சொல்: தொடைத்திசுவால் மார்பகச் சீரமைப்பு – 'ஒட்டு' பொருந்துமா?

வணக்கம்.

தொடைத் திசுவை எடுத்து மார்பகத்தைச் சீரமைக்கும் முறைக்குத் 'தொடை ஒட்டு' என்று பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவு சரிவராது. ஒட்டு என்பது குருதிநாளம் இல்லாமல் எடுத்து வைக்கும் தோல். வைத்த இடத்தில் ஊறும் நீரில் சில நாள் பிழைத்துக் கிடந்து, பிறகு நாளம் பிடிக்கும். மார்பகத்துக்கு வேண்டிய கொழுப்புத்திரள் அவ்வளவு நாள் தாங்காது, மடிந்துவிடும். அதனால்தான் ஃப்ளாப் (flap) எனும் திசுத்துண்டைத் தமனி, சிரையோடு சேர்த்தே எடுக்கிறார்கள். அதற்கு 'மடல்' நல்ல சொல்.

ஃப்ரீ ஃப்ளாப்பை, அதாவது முழுதாக அறுத்தெடுத்து வேறிடத்தில் பொருத்தும் மடலை, 'தனிமடல்' என்றால் யாருக்கோ அந்தரங்கமாகக் கடிதம் போட்ட கதையாகிவிடும். தொடையில் நாளத்தை அறுத்து, நெஞ்சில் மார்பெலும்பின் ஓரமாக ஓடும் உள்மார்புத் தமனி, சிரையோடு நுண்ணோக்கியில் பார்த்துத் தைக்கிறார்கள். நூல் தலைமுடியைவிட மெல்லியது. ஆகவே 'பெயர்மடல்' எனலாமா?

மடலுக்குக் குருதி கொண்டுவரும் நாளங்கள் அடங்கிய பெடிக்கிளுக்கு (pedicle) அகராதி தரும் 'காம்பு' இங்கே ஆபத்து. மார்பக அறுவைக் குறிப்பில் 'காம்பு முறுக்கிக்கொண்டது' என்று எழுதினால் எந்தக் காம்பு? 'நாளத்தண்டு' என்போம்.

மறுமொழி:

ஐயா, மடலும் நாளத்தண்டும் சரி. 'பெயர்மடல்' பெயர்ப்பலகைபோல ஒலிக்கிறது. 'இடம்பெயர் மடல்' என்றாலும் குழப்பமே. தண்டை அறுக்காமல் திருப்பி வைக்கும் மடலும் இடம்பெயர்வதுதானே? பிடுங்கி வேறிடத்தில் ஊன்றுவதற்கு 'நடவு மடல்' என்கிறேன்.

தொடை மடல்கள் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உள்தொடையின் கிராசிலிஸ் தசையையும் சேர்த்தெடுப்பது 'ஒல்லித்தசை மடல்'. தசையை விட்டுவிட்டு, அதன் பின்னுள்ள தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் நாளத்தை மட்டும் பிரித்தெடுப்பது 'ஆழ்தொடை ஊடுநாள மடல்'. நீளம்தான், ஆனால் தமனியின் பெயர் அதில் இருக்கிறது.

'மடல் தோல்வி' என்ற ஒற்றைச் சொல் போதாது. சிரை அடைத்தால் மடல் ஊதாவாகி வீங்கும், அழுத்திவிட்டால் நிறம் சட்டெனத் திரும்பும். தமனி அடைத்தால் வெளுத்துச் சில்லிடும், நிறம் திரும்பத் தாமதமாகும். முதல் 2, 3 நாள் செவிலியர் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். தாமதித்தால் மடல் போய்விடும். 'சிரைத்தேக்கம்', 'தமனியடைப்பு' என்று தனித்தனியே எழுதுவோம்.

மடலை எடுத்த இடத்தை (donor site) 'கொடையிடம்' என்பதும் உறுத்துகிறது. தன் தொடையிலிருந்து தானே எடுப்பது என்ன கொடை? தோலை அகலமாக எடுத்துவிட்டு இழுத்துத் தைத்தால் உட்காரும்போது பிரிவது அந்தக் காயம்தான். 'எடுத்த இடம்' என்று எழுதினால் நோயாளிக்கும் புரியும்.