அப்பா வழிக் குடும்பப்பேரைப் பிள்ளைக்குப் பேரா வைக்க முடியாதாமே? அவசரம்

கல்லிடைக்காரி: அண்ணாச்சிமாரே, அக்காமாரே, இந்த வாரந்தான் பிள்ளை பிறந்திருக்கு. தளவாய்ங்கிற எங்க அப்பா வழிக் குடும்பப்பேர் என்னோட நின்னுபோகுது, அதையே பிள்ளைக்கு வைக்கணும். பதிவு ஆபீஸ்ல "இது குடும்பப்பேர், முதல்பேரா வராது"ங்காவ. நாளைக்குப் பதில் சொல்லணும், கையும் ஓடல காலும் ஓடல.

பாளை அண்ணாச்சி: பயப்படாத தங்கச்சி. இங்க லண்டன்ல 42 நாள் டைம் இருக்கு. எந்தப் பேர் சொன்னாலும் பதிவாளர் எழுதுவார். பதிஞ்ச 12 மாசத்துக்குள்ள முதல்பேரை மாத்தலாம், குடும்பப்பேரைத்தான் அப்படி மாத்த முடியாது. சின்னச் சான்றிதழ்ல தாய் தகப்பன் பேர் இருக்காது, முழுசா வாங்கு.

அம்பை மைனி: பேரு கிடக்கட்டும், பிள்ளையை இன்சூரன்ஸ்ல சேர்த்தாச்சா? வெயிலே இல்லாத ஊருன்னா டாக்டர் சொல்ற விட்டமின் டி சொட்டை நிறுத்திராத. எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்ட ஆச்சி இல்லாம முதல் மூணு மாசம் ரொம்பக் கஷ்டம். நீயும் தூங்கு.

தென்காசிக்காரன்: நமக்கு அப்பா பேர்தான் இனிஷியல், குடும்பப்பேர் கட்டத்துல என்னத்த எழுத? காலியா விட்டா அமெரிக்க விசாவுல நம்ம பேரைக் குடும்பப்பேராக்கி, முதல்பேர் இடத்துல எஃப்.என்.யூ.ன்னு, அதாவது முதல்பேர் தெரியாதுன்னு, அடிச்சிருதான்.

கடையம்: சாதிப் பட்டத்தை விட்டது நல்ல காரியம். கட்டந்தான் நமக்கு ஒத்து வரல. இப்ப எதையாவது எழுதிக் குடு, பிறகு ஊர்ல கெசட்ல மாத்திக்கலாம்.

பொருநை: கெசட்ல மாத்தினா வெளிநாட்டுப் பிறப்புப் பதிவு மாறாது. அவசரப்படாதீங்க. எந்த நாடு? வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ல குடும்பப்பேர் இருக்கா? பொண்ணா, பையனா?

கல்லிடைக்காரி: ஜெர்மனி, ஸ்டுட்கார்ட். பொண்ணு. அவுக பாஸ்போர்ட்ல அந்தக் கட்டம் காலி. ரெண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்.

பொருநை: அப்படின்னா லண்டன் கணக்கு உங்களுக்கு ஆகாது. பிறப்பை ஒரு வாரத்துக்குள்ள அறிவிக்கணும், ஆனா பேரைச் சொல்ல ஒரு மாசம் உண்டு. "பேர் பிறகு"ன்னு சொல்லிட்டு வாங்க, நாளைக்கே கையெழுத்துப் போட வேண்டாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. அப்பாவுக்குக் குடும்பப்பேர் இல்லாததால உங்க தளவாயைப் பிள்ளையோட குடும்பப்பேர் கட்டத்துல போட்டுர வாய்ப்பு இருக்கு. அப்படிப் போட்டா தளவாய் தளவாய்னு ரெட்டிப்பா நிக்கும். 2025 மே 1லிருந்து குடியிருக்கிற நாட்டுச் சட்டந்தான் முதல்ல பொருந்தும். இந்தியச் சட்டப்படி வேணும்னா நீங்கதான் அறிவிக்கணும். அதை அறிவிச்சு, குடும்பப்பேர் இடத்துல அப்பா பேரைக் கேளுங்க. முதல்ல இது முடிவாகணும்.

அடுத்தது ஆதாரம். தளவாய் நம்ம பக்கம் முதல்பேராவும் வழங்குதுன்னு காட்டணும். கன்னியாகுமரி மாவட்ட அரசியல்வாதி தளவாய் சுந்தரம் பேர் வர்ற தேர்தல் பட்டியலை அச்செடுத்துக் குடுங்க. அதுக்கும் மசியலன்னா வீஸ்பாடன்ல இருக்கிற ஜெர்மன் மொழிக் கழகம் கட்டணம் வாங்கிட்டுப் பேருக்குக் கருத்துரை தரும். பொண்ணுக்கு ஆம்பளைப் பேரான்னு கேட்டா, 2008ல கிரண்ங்கிற பேருக்காக அரசியல் சட்ட நீதிமன்றம் குடுத்த தீர்ப்பைச் சொல்லுங்க. பேரைப் பார்த்ததும் ஆணா பெண்ணான்னு தெரிஞ்சாகணும்னு கட்டாயமில்ல. ஆனாலும் தளவாய் காந்திமதின்னு ரெண்டாம் பேர் சேர்த்தா வழி சுலபம், எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு.

பின்னால மாத்த ஜெர்மனியில வலுவான காரணம் கேப்பாங்க. அதனால உங்க பாஸ்போர்ட்ல தளவாய் எந்த எழுத்தோ அதே எழுத்துல எழுதுங்க. சான்றிதழ் பன்மொழிப் படிவத்துலயும் கிடைக்கும், கூட ரெண்டு பிரதி வாங்குங்க. இந்தியத் தூதரகத்துல ஒரு வருசத்துக்குள்ள பிறப்பைப் பதிஞ்சிரணும், தாண்டினா மத்திய அரசு அனுமதி வேணும். அங்க குடுக்கிற படிவத்துல சான்றிதழ்ல இருக்கிறதை எழுத்து மாறாம எழுதுங்க.