தம்பியின் எம்.ஆர்.ஐ. பற்றி ஓர் உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 24 வயது. நாலு மாதமாகக் காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறான். மனநல மருத்துவர் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் நார்மல். அந்தக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூளையில ஒண்ணுமில்லையாம், அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று கேட்கிறார் அப்பா.

கட்டி, வீக்கம், பழைய காயம் இல்லையென்று உறுதிசெய்யத்தான் அந்தப் படம். மனச்சிதைவை (ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரல்கள் கேட்பது போன்ற அறிகுறிகள் உள்ள மனநோய்) அவன் பேச்சையும் நடத்தையையும் கவனித்துத்தான் முடிவு செய்ய முடியும் என்றார் டாக்டர். ஆய்வுகளில் இந்த நோய் உள்ள நிறையப் பேரைச் சேர்த்து, நோய் இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது ஹிப்போகாம்பஸ் (மூளையில் நினைவுக்கு உதவும் பகுதி) போன்ற பகுதிகள் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பது தெரிகிறது. தனி ஒருவர் படத்தில் அதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. எனக்குப் புரிகிறது, அப்பாவுக்குப் புரியவைக்கத் தெரியவில்லை.

இதைக் கடந்து வந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்? இன்னொன்று, பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்வதைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.) ஆய்வில் பங்கேற்றவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் அசையாமல் படுக்க வேண்டும்? கூட ஒருவர் இருக்க விடுவார்களா? போன தடவை அந்த இரைச்சலில் பயந்துபோய், வெளியே வந்ததும் என் கையை அவன் விடவே இல்லை. தனிச் செய்தியில் சொன்னாலும் சரி.