பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் உள்ளே விடவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அச்சுமை

2018, தை மாதம். சிவகாசியில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம். டிசைன் அண்ணன் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் பெட்டியை விட்டு நகர மாட்டார். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், பழைய தமிழ் ஃபான்ட், பத்து வருடக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதற்குள்தான். கார்த்திகையில் முன் மேசைக்குப் புது விண்டோஸ் 10 வந்தது. நான்தான் போட்டுக் கொடுத்தேன். அண்ணனின் ஷேரை, அதாவது நெட்வொர்க்கில் அவர் பகிர்ந்த ஃபோல்டரை, அதிலிருந்து திறந்து காட்டிவிட்டும் வந்தேன். மார்கழி முழுக்க காலண்டர் டெலிவரி அவசரம். முன் மேசையில் பில் போட்டதோடு சரி, ஷேர் பக்கம் யாரும் போகவில்லை. ராத்திரியும் அந்தப் பெட்டியை அணைப்பதில்லை.

தையில் ஒரு பெண் வீட்டார் புரூஃப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஷேர் திறக்கவில்லை. போனேன். கேபிள் மாற்றினேன், ஸ்விட்ச் மாற்றினேன், பிங் அடித்தால் போகிறது, அதாவது இரண்டு பெட்டிக்கும் இணைப்பு இருக்கிறது. அப்புறம் முதலாளி அண்ணாச்சி நிற்கும்போதே கேட்டுவிட்டேன்: “என்னண்ணே, எதைத் தொட்டீங்க?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கீபோர்டு மேல் வைத்தார். “நான் எதையும் தொடலப்பா.”

திரையில் வந்த செய்தியை அதுவரை நாலு தடவை ஓகே கொடுத்து மூடியிருந்தேன். ஐந்தாவது தடவைதான் படித்தேன். எஸ்எம்பி1 பழசாகிவிட்டது, பாதுகாப்பில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. ஷேர் திறக்க பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் முறையின் முதல் பதிப்பு அது, எக்ஸ்பிக்கு அது ஒன்றுதான் தெரியும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, ஓடும் நேரத்தில் 15 நாள் எஸ்எம்பி1 தேவைப்படாவிட்டால் அது தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். மார்கழியில் நடந்தது அதுதான். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் டிக் போட்டேன், ரீஸ்டார்ட், திறந்துவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் புரூஃப் எடுக்கப் போனார். அந்தக் கண்ணாடி மடித்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வரவுசெலவு

ஆடிட்டர் ஆபீஸ், ரிட்டர்ன் சீசன். டேலி டேட்டா எல்லாம் ஒரு எக்ஸ்பி புரொஃபெஷனல் பெட்டியில், சர்வர் என்று தனியாகக் கிடையாது. பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, பஸ் தாமதமாகி தினமும் பத்தேகாலுக்கு வருவாள். அவள் பெட்டியில் மட்டும் ஷேர் திறக்காது. லாகினை மாற்றினோம், சீட்டை மாற்றினோம். எங்கே உட்கார்ந்தாலும் திறக்காது. “அந்தப் பொண்ணு கை வச்சா அப்படித்தான்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவள் காதில் விழும்படியே.

ஒரு நாள் அவள் ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். திறந்தது. பத்தேகாலுக்கு சீனியர் ஒருவர் வந்தார், அவருக்குத் திறக்கவில்லை.

எக்ஸ்பி புரொஃபெஷனல் ஒரே நேரத்தில் 10 இணைப்புதான் ஏற்கும். நாங்கள் பதினொரு பேர். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் செஷன்ஸ் பட்டியலைத் திறந்து ஒன்று ஒன்றாக எண்ணினேன், சரியாகப் பத்து. அவளைக் கூப்பிட்டு அந்தப் பட்டியலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள், “அப்ப நான் இல்ல” என்றாள்.

பூட்டுசாவி

அச்சுமை, நீங்கள் செய்தது தப்பு. டிக் போட்டேன் திறந்துவிட்டது என்று முடித்துவிட்டீர்கள், இதைப் படிக்கிறவர்களும் அதையே செய்வார்கள்.

என் கதை சின்னது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது. திங்கள் காலை நான் இருந்த ஆபீஸில் ஒரு விண்டோஸ் 7 பெட்டியில் சிவப்புத் திரை, 300 டாலர் பிட்காயின் கேட்டு. மார்ச்சிலேயே வந்த பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதில் போடப்படவில்லை. கணக்குப் பார்க்கும் அம்மா அந்தத் திரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், மவுஸைத் தொடவே பயம். அது நுழைந்தது இதே எஸ்எம்பி1 வழியாகத்தான்.

எஸ்எம்பி1 இல்லாமல் முடியவே முடியாது என்றால் இவ்வளவாவது செய்யுங்கள். அந்த ஃபீச்சரை விரித்தால் உள்ளே மூன்று டிக் கட்டம் இருக்கும்: கிளையன்ட் (மற்ற பெட்டியின் ஷேரைத் திறக்க), சர்வர் (தன் ஷேரை மற்றவர்களுக்குக் கொடுக்க), ஆட்டோமேட்டிக் ரிமூவல் (தானே கழற்றிக்கொள்ள). எக்ஸ்பியில் இருப்பதை விண்டோஸ் 10 படிக்கத்தான் வேண்டும் என்றால் கிளையன்ட் மட்டும் போதும், சர்வர் டிக்கை எடுத்துவிடுங்கள். ரிமூவலையும் எடுத்துவிடுங்கள், அடுத்த மார்கழியிலும் இதே கதை வருமோ என்ற பயம் இருக்காது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது என்றாலும், வானாக்ரைக்குப் பிறகு அதற்கென்றே ஒரு பேட்ச் விட்டார்கள், அதைப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். எக்ஸ்பிக்கு ஐபியைக் கையால் கொடுத்து, கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். உள்ளே இருக்கிற பெட்டிகளோடு பேசும், வெளியே இன்டர்நெட்டுக்குப் போகாது. பென் டிரைவ் செருகுவதை நிறுத்துங்கள். பத்து வருட ஃபைலுக்கு ஒரு நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். கழற்றி வைப்பதுதான் முக்கியம், செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

லேப்பில்_இருந்தவன்

எல்லோரும் ஷேரையே சொல்கிறீர்கள். எனக்கு லாகினே ஆகவில்லை. கல்லூரி லேப், கோடை விடுமுறை முழுக்க மெயின் சுவிட்ச் ஆஃப். திறந்த முதல் நாள் ஒரு பெட்டி மட்டும் டொமைனில், அதாவது சர்வர் சரிபார்க்கும் லாகினில், யாரையும் ஏற்கவில்லை. மாணவன் தப்பாக அடிக்கிறான் என்று நினைத்து, சர்வரில் அவன் பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் அந்தப் பெட்டியிலேயே இருக்கும் லோக்கல் அட்மின் கணக்கில் நான் உள்ளே போனேன். பின்னால் நின்ற அவன்தான் சொன்னான், “சார், மணி பன்னிரண்டு ஏழுன்னு காட்டுது.” அப்போது காலை பதினொன்று. மூலையில் டபுள் கிளிக் செய்தால் 2002 ஜனவரி 1.

மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. சர்வர் நேரத்துக்கும் பெட்டி நேரத்துக்கும் 5 நிமிட வித்தியாசம் வரைதான், டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் பொறுக்கும், இங்கே வருடக்கணக்கு. வாட்ச் கடையில் ஒரு சிஆர்2032 வாங்கிப் போட்டு நேரத்தைத் திருத்தியதும் மாணவன் முதல் தடவையிலேயே உள்ளே போனான். மூன்று பாஸ்வேர்டில் எதை அடிப்பது என்று அவன் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

கரும்பலகை

பூட்டுசாவி சொல்வது சரிதான், ஆனால் அச்சுமை கேட்டது அதுவல்ல. அன்றைக்குப் பெண் வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது கேட்வேயைப் பற்றி யார் யோசிப்பார்?

என்னுடையது விண்டோஸ் 98. பள்ளியில் காலை லாகின் கட்டம் வந்தால் வாய்க்கு வந்த பெயரைப் போட்டு ஓகே தட்டுவோம், டெஸ்க்டாப் வந்துவிடும். வந்துவிட்டதே என்று நினைத்திருந்தோம். மார்க் ஷீட் எடுக்க ஹெட்மாஸ்டர் அறையின் விண்டோஸ் 2000 பெட்டியைத் திறந்தால் ‘ஐபிசி$’ (பெட்டியோடு இணைவதற்கான உள் ஷேர்) என்று போட்டு பாஸ்வேர்டு கேட்கும். கட்டம் ஒன்றுதான், பெயர் எழுத இடமே கிடையாது. ஒரு டீச்சர் தன் பாஸ்வேர்டு, ஹெட்மாஸ்டருடையது, பள்ளியின் பெயர் என்று மதியம் வரை அடித்துக்கொண்டிருந்தார். எதை அடித்தாலும் ஆகாது. காலையில் என்ன பெயரில் லாகின் ஆனோமோ அந்தப் பெயர்தான் அங்கே போகும், நாங்கள் போட்ட பெயர் 2000 பெட்டியில் இல்லவே இல்லை. லாக் ஆஃப் செய்து, 2000 பெட்டியில் இருக்கும் அதே பெயரிலும் பாஸ்வேர்டிலும் திரும்ப லாகின் செய்தோம். கட்டமே வரவில்லை.

அச்சுமை

பூட்டுசாவி, நன்றி. இன்று அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தேன், மூன்று டிக்கும் அப்படியே இருந்தது, ரிமூவல் உட்பட. எப்படியோ இத்தனை நாள் தப்பித்திருக்கிறது. சர்வரையும் ரிமூவலையும் எடுத்துவிட்டேன், எக்ஸ்பியில் கேட்வேயையும் காலி செய்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று என்ன செய்கிறேன் என்று கேட்டார். அன்றைக்கு ஷேர் ஏன் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். “பதினஞ்சு நாளா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, “இங்க வாங்க, இவரு சொல்றதக் கேளுங்க” என்றார்.