பயோஃபார்ட்டிஃபிகேஷன்: ‘செறிவூட்டல்’ போதுமா?

அன்புடையீர்,

சத்து மிகுந்த பீன்ஸ் இரகங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைச் செப்பம் செய்துகொண்டிருக்கிறேன். பயோஃபார்ட்டிஃபிகேஷன், அதாவது பயிர் விளையும்போதே அதில் சத்து கூடுமாறு செய்வது, என்பதற்கு அதில் ‘உயிரிச் செறிவூட்டல்’ என்று இருக்கிறது. ‘உயிரி’ என்றதும் உயிரி உரத்தைப் போல நுண்ணுயிர்தான் நினைவுக்கு வரும். ‘செறிவூட்டல்’ என்பதோ ஆலையில் உப்பிலும் மாவிலும் சத்தைக் கலப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. யுரேனியத்தையும் அதே சொல்லால்தான் செறிவூட்டுகிறோம்!

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ‘செறிவு’ என்ற பகுதிதான் உறுத்துகிறது. ராஜ்மா வகை உலர் பீன்ஸில் கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். சத்து மிகுந்த பயிர்களை உருவாக்க 2003இல் தொடங்கிய ஹார்வெஸ்ட்பிளஸ் என்ற பன்னாட்டுத் திட்டம் அதை 94 மில்லிகிராமாக உயர்த்த இலக்கு வைத்தது. இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வறட்சியில் வாடிய செடியின் விதையில் மாவுப்பொருள் சரியாக நிரம்பாது. அந்தச் சுருங்கிய விதையை அளந்தால் இரும்பின் செறிவு கூடுதலாகத் தெரியக்கூடும். உழவருக்கு அதனால் என்ன பயன்? விளைச்சல் பெருகும்போது இதற்கு நேர்மாறாக நடக்கலாம்: ஹெக்டேருக்குக் கிடைக்கும் மொத்த இரும்பு ஏறும், கிலோவுக்கான அளவு இறங்கும்.

எனவே பயிர்ப் பெருக்க அறிஞர்கள் விளைச்சலையும் சத்தையும் சேர்த்தே அளக்கிறார்கள், அதுவும் பல இடங்களில், பல பருவங்களில். கொலம்பியாவில் உள்ள சியாட் (CIAT) என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் விதை வங்கியில் 37,000க்கும் மேற்பட்ட பீன்ஸ் மாதிரிகள் உள்ளன. அவற்றில் இரும்பு மிகுந்தது விளைச்சலிலும் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதை நல்ல விளைச்சல் தரும் இரகத்தோடு கலந்து, வழித்தோன்றல்களில் இரண்டு பண்பும் கூடிவந்தவற்றைப் பொறுக்க வேண்டும். ருவாண்டா உழவர்களிடம் சென்ற இரும்பு மிகு பீன்ஸ் இப்படி உருவானதுதான். விளைச்சல் குறைந்திருந்தால் யாரும் மறுமுறை விதைத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே ‘விளையூட்டம்’ என்பதை முன்வைக்கிறேன். விளைநிலம், விளைபொருள் போல வினைத்தொகை: விளைகின்ற ஊட்டம். உரத்தின் வழியே சத்தேற்றுவதும் இதில் அடங்கும். பின்லாந்து 1984 முதல் உரத்தில் செலினியம் சேர்த்துத் தானியத்தில் அதைக் கூட்டியது நினைவிருக்கலாம்.

———

> ‘விளையூட்டம்’ என்பதை முன்வைக்கிறேன்

ஐயா, பெயராக நிற்கும்வரை அழகாக இருக்கிறது. வினையாக்கிப் பாருங்கள்: ‘விளையூட்டு’. ஓர் எழுத்து பிசகினால் ‘விளையாட்டு’ ஆகிவிடும். மெய்ப்புத் திருத்துபவர்மேல் இரக்கம் வேண்டாமா?

‘ஊட்டம்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. விதையில் இருப்பதெல்லாம் உடலுக்குப் போய்ச் சேராது. விதையில் இயல்பாக உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்கிறது. நிறமுள்ள விதைத்தோலின் பாலிஃபீனால்களும் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ஃபைட்டிக் அமிலம் குறைந்த பீன்ஸ் இரகங்களை உருவாக்கியபோது வேறொரு தொல்லை வந்தது: சமைத்த பிறகும் அவற்றில் லெக்டின் என்ற புரதம் எஞ்சி, உண்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறு ஏற்பட்டது. ‘விளை இரும்பு’, ‘விளை துத்தநாகம்’ என்று தனிமத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன?

———

வினை வடிவத்தை விட்டுவிடலாம். ‘விளையூட்டப் பீன்ஸ்’, ‘விளையூட்ட இரகம்’ என்று பெயரடையாக வந்தாலே நம் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

‘விளை இரும்பு’ என்றால் சுரங்கத்தில் விளைவதாக ஒருவர் எண்ணக்கூடும். தவிர, பீன்ஸில் இரும்பு கூடும்போது துத்தநாகமும் பெரும்பாலும் சேர்ந்தே கூடுகிறது. இரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டும். ‘ஊட்டம்’ பொய்யான வாக்குறுதியும் அன்று. ருவாண்டாவில் இரும்புக் குறைபாடுள்ள பல்கலைக்கழக மாணவியருக்கு 128 நாள் இரும்பு மிகு பீன்ஸைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். வழக்கமான பீன்ஸ் உண்டவர்களைவிட அவர்களின் ஹீமோகுளோபினும் உடலின் இரும்பு இருப்பும் மேம்பட்டன. உடல் எவ்வளவு ஏற்கிறது என்பதற்கு ‘உடலேற்பு’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம். விளையூட்டம் விதையின் பண்பு, உடலேற்பு உண்பவரிடம் நிகழ்வது. இரண்டையும் ஒரே சொல்லில் திணிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. விளைச்சல் கூடும்போது சத்தின் அளவு குறைவதை ‘நீர்ப்பு’ என்று எழுதியிருக்கிறேன். வேதியியலில் பழகிய சொல்தான், ஆனால் விதையில் நீர் சேர்வதாகப் படிப்பவர் புரிந்துகொள்வாரோ என்று ஐயம். ‘சத்துத் தளர்வு’ சற்றே நோயாளியைப் போல ஒலிக்கிறது. கட்டுரை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நல்ல மாற்று கிடைத்தால் சேர்த்துவிடுகிறேன்.