சாமுவேல் என்ற பெயர்: எபிரேயம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். விவிலியப் பெயர்களின் பொருளை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரு வாரமாக சாமுவேலைத் தாண்ட முடியவில்லை.

பிள்ளையில்லாத அன்னாள் அழுது வேண்டிப் பெற்ற மகனுக்கு, கர்த்தரிடம் கேட்டுப் பெற்றேன் என்று சொல்லி இந்தப் பெயரை வைக்கிறாள் (1 சாமுவேல் 1:20). ஆனால் எபிரேயத்தில் 'கேள்' என்பதற்கான வினை ஷாஅல். அதிலிருந்து வருவது ஷாஊல், அதாவது இஸ்ரவேலின் முதல் அரசனான நம் சவுல்! 28ஆம் வசனத்தில் பிள்ளையைக் குறித்து அவள் சொல்லும் சொல்லும் மூலத்தில் அச்சு அசலாக 'ஷாஊல்'தான். தமிழில் படித்தவரை இது என் கண்ணில் படவே இல்லை.

சாமுவேலின் எபிரேய வடிவமான ஷெமுவேல் என்பதில் தெரிவதோ ஷேம் (பெயர்), ஏல் (கடவுள்). நடுவில் வரும் 'உ'தான் சிக்கல். 'அவர் பெயர் ஏல்' என்று பிரிப்பதா, இல்லை அது பழைய வேற்றுமை உருபின் மிச்சமா? ஆதியாகமம் 32இன் எபிரேய மூலத்தில் ஒரே இடத்தைப் பெனியேல், பெனுவேல் என்று அடுத்தடுத்த வசனங்களில் எழுதியிருப்பதால், அதாவது நடுவில் இ, உ மாறியும் பெயர் ஒன்றாகவே இருப்பதால், மிச்சம் என்றே எனக்குப் படுகிறது.

எபிரேய இலக்கணம் முறையாகப் படித்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள். சவுலுக்குரிய பெயர்க்காரணம் சாமுவேலுக்கு எப்படி வந்தது என்பதற்கும் உங்கள் கருத்து வேண்டும். தமிழில் நல்ல நூல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தேடி வாங்கிக்கொள்கிறேன்.