அடிப்படை உரிமை மனு தள்ளுபடியானால் அடுத்து எங்கே?

கேள்வி (ஹட்டன்): பொலிஸ் சித்திரவதை வழக்கில் உயர் நீதிமன்றம் கைவிட்டால், ஐரோப்பாவில் போல நமக்கு மேலே ஒரு நீதிமன்றம் உண்டா?

பதில் (கண்டி): இல்லைங்க. ஆசியாவுக்கென்று மனித உரிமை நீதிமன்றமே கிடையாது. இருப்பது ஐ.நா. மனித உரிமைகள் குழு. அதற்குத் தனிநபர் முறைப்பாடு செய்யும் நெறிமுறையை இலங்கை 1997இல் ஏற்றது. உள்நாட்டு வழிகள் முடிந்து 5 ஆண்டுக்குள் அனுப்புங்க. பெயரில்லா முறைப்பாடு எடுபடாது. தீர்ப்பு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைக்கணும்.

பதில் (பதுளை): ரொம்ப நம்பாதீங்க. குழு தருவது அரசைக் கட்டாயப்படுத்தாத 'கருத்து'தான். 2006இல், குழுவின் கருத்தைக் காட்டி நிவாரணம் கேட்ட சிங்கராசா என்பவரின் வழக்கில், அந்த நெறிமுறையை இலங்கை ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண் என்றது உயர் நீதிமன்றம்.

பதில் (நுவரெலியா): பலர் சறுக்குவது முதற்படியில். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனு போடணும். அதற்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை நடப்பதையும் காட்டணும்.